அறுவதற்கென்று ஒரு துண்டு

என் கணவர் வெளிநாட்டில் பார்த்த வேலை, ஒரு விமானத்தை இன்னொரு விமானத்தோடு கயிற்றால் கட்டுவது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு பேச்சை மாற்றுவார்கள். எழுபதுகளின் கடைசியில் கல்முனையிலிருந்து வளைகுடாவுக்குப் போன ஆண்கள் மேசனாகப் போனார்கள், சாரதியாகப் போனார்கள், சமையலுக்குப் போனார்கள். கயிறு கட்டப் போனவர் எனக்குத் தெரிய இவர் ஒருவர்தான்.

போகும்போது அவருக்கும் அது தெரியாது. முகவர் சொன்னது தோட்ட வேலை. போய் இறங்கிய இடத்தில் தோட்டமும் இல்லை, மரமும் இல்லை. எண்ணெய்க் கம்பனியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் சிலர் ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஓடுபாதை ஒன்றை எடுத்து, லீவு நாட்களில் விமானம் ஓட்டிப் பொழுதுபோக்கினார்கள். அவர்களுடைய கொட்டகையைக் கூட்டித் துடைக்க இவரை அனுப்பினார்கள். அங்கே இருந்த விமானங்களில் ஒன்றுக்குத்தான் எஞ்சின் இருந்தது. மற்றவற்றுக்கு நீண்ட சிறகும், ஒரு ஆள் காலை நீட்டிச் சாய்ந்திருக்க ஒரு குழியும் மட்டும். எஞ்சின் உள்ளது, எஞ்சின் இல்லாததைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு மேலே போகும். உயரம் போதும் என்று கண்டதும் பின்னால் இருப்பவர் கயிற்றைக் கழற்றிவிட்டு, காற்றிலேயே சுற்றிச் சுற்றி மெதுவாக இறங்குவார். கயிற்றைப் பார்த்துக்கொண்டவன் ஒரு நாள் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான். இவர் துடைப்பத்தை வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தார்.

இந்தச் செய்திகள் எல்லாம் எங்களுக்குக் கசற்றில் வந்தன. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போனவர்கள் தங்கள் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, லீவில் வருபவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். கசற் வந்த செய்தி கேட்டால் மாமி, அதாவது என் கணவரின் உம்மா, இரண்டு தெரு தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கசற்றின் முதல் கால்வாசி முழுக்க ஸலாம். மூத்தவர் தொடங்கி இளையவர் வரை ஒருவரும் விடுபடாமல், ஒவ்வொருவரின் நோயையும் தனித்தனியாக விசாரித்து முடித்த பிறகுதான் என் கணவர் தன் கதைக்கு வருவார்.

"உம்மா, நான் இஞ்ச பிளேனக் கயித்தால கட்டுற வேலை செய்யிறன். பயப்பிடாதிங்க, நான் ஏறுறல்ல. கட்டிப்போட்டுத் தரையிலதான் நிக்கிறன்."

மாமி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "என்ன கா செல்லுறான் இவன்? பிளேன எதோட கட்டுற?"

"இன்னொரு பிளேனோட மாமி."

மாமி திரும்பப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். "வெயில் கூடின நாடு," என்றார்.

கசற்றின் மற்றப் பக்கம் எனக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. அதை அறைக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டேன். எங்களுக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

"சுகமா இரிக்கியா புள்ள? நான் சுகம்," என்றார். பிறகு நீண்ட நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சைத் தேடுகிறார் என்று நினைத்தேன். தேடிக் கண்டுபிடித்ததும் சொன்னார்: "மறுகா, இந்தக் கயிறு நைலோன் கயிறு. நம்மட தோணிக்காரர் வச்சிரிக்கிற மாதிரித்தான். ஆனா இதுல ஒரு முடிச்சும் இரிக்கக் கூடாது. முடிச்சுப் போட்டா கயித்திர பலத்துல அரைவாசி போயிரும். காலையில வந்து முழுக் கயித்தையும் கையால தடவிப் பாக்கிறதுதான் எனக்கு முதல் வேலை. பின்பக்கம், எஞ்சின் இல்லாததுர மூக்குல கொளுவுற இடத்துல, மெல்லிசான கயிறு ஒரு சின்னத் துண்டு வளையமாப் போட்டிரிக்கி. பெரிய கயித்துக்கு அது பொருத்தமே இல்ல. நான் முதல் நாள் அதக் கழத்திப்போட்டு நல்ல கயிறு கட்டினன். ஏசிப்போட்டானுகள். அது அறுறதுக்கெண்டே கட்டுறதாம்."

அத்தோடு அந்தப் பக்கம் முடிந்தது.

நான் இங்கே பெண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பதில் கசற்றில் மழையைப் பற்றியும், கூரை ஒழுகுவதைப் பற்றியும், அவருடைய உம்மாவின் முழங்காலைப் பற்றியும் பேசினேன். வேறு சிலதும் பேச நினைத்திருந்தேன். ஆனால் பக்கத்து அறையில் என் உம்மா இருமிக்கொண்டிருந்தார். கடைசியில் வாயில் வந்தது இதுதான்: "அறுறதுக்கெண்டு ஏன் கட்டுவான்? பலமாக் கட்டினா என்ன?"

பதில் வர இரண்டு மாதமானது. அவர் குரலில் ஒரு உற்சாகம் இருந்தது. என்னை நினைத்து வந்ததா, கேள்வியை நினைத்து வந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"பலமாக் கட்டினா கயிறு நிக்கும் புள்ள. கொக்கி பிடுங்குப்படும். கொக்கி நிண்டா மூக்குப் பிய்ஞ்சிரும். பாரம் கூடினா எங்கயோ ஒரு இடத்துல அறத்தான் போகுது. எந்த இடம் எண்டத நாம முதலே செல்லி வைக்கிறம், அவ்வளவுதான். பிளேன்ட பாரத்தப் பாத்துத்தான் அந்தத் துண்டிர தடிப்பு. பாரமான பிளேனுக்கு மொத்தமான துண்டு. பின்னால இரிக்கிறவன் கூட மேல ஏறிட்டானெண்டா முன்னால போறவன்ட வால் தூக்குப்படும். அவன் தலைகீழா இறங்குவான். அந்த நேரம் ரெண்டு பேரும் கழத்த மறந்தாலும் இந்தத் துண்டு மறக்காது."

அந்தக் கசற்றைப் பலமுறை போட்டுக் கேட்டேன். குரலுக்காகத்தான் கேட்டேன். குரலோடு சேர்ந்து கயிறும் உள்ளே போய்விட்டது. நிலையாக நின்று இழுக்கும்போது கயிற்றில் பெரிய பாரம் இல்லை என்பதும், தொய்ந்து கிடந்த கயிறு வெடுக்கென்று இறுகும்போதுதான் பல மடங்கு பாரம் விழும் என்பதும் எனக்கு அப்படித்தான் தெரியவந்தன. ஒரு நாள் அவசரக்கார வெள்ளைக்காரன் ஒருவன் தொய்வை எடுக்காமல் விமானத்தைக் கிளப்பியிருக்கிறான். துண்டு தரையிலேயே அறுந்தது. பின்னால் இருந்தவன் இறங்கி வந்து என் கணவரை ஏசியிருக்கிறான். செய்ய வேண்டிய வேலையைத் துண்டு செய்ததற்காகத் தான் ஏச்சு வாங்கியதாக அவர் கசற்றில் முறைப்பாடு வைத்தார். யாரிடம் வைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. என்னிடம்தான் போலிருக்கிறது என்று, அடுத்த கசற்றில் அந்த வெள்ளைக்காரனை நானும் கொஞ்சம் ஏசி அனுப்பினேன்.

எண்பதுகள் தொடங்கிச் சில காலத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தார். மற்றவர்கள் கொண்டுவருவதுபோல் ரேடியோ, போர்வை, வாசனைத் தைலம் எல்லாம் கொண்டுவந்தார். கூடவே ஒரு பெரிய பையில் கயிறு. கழித்து எறியவிருந்ததைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஒரு முனையில் இரும்பு வளையம். பையின் அடியில் அந்த மெல்லிய துண்டுகளில் ஒரு கட்டு.

மாமி பையைத் திறந்து பார்த்தார். மூடினார். "கூடப் போனவனெல்லாம் வீடியோ டெக் கொண்டு வந்திரிக்கானுகள்," என்று மட்டும் சொன்னார்.

கயிற்றில் ஒரு பகுதியை வளவுக்குள் உடுப்புக் காயப்போடக் கட்டினோம். ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் முருங்கை. வெளிநாட்டுப் போர்வைகளை நான் தோய்த்துப் போட்ட அன்று முருங்கை நடுவால் முறிந்தது. கயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கணவர் முறிந்த முருங்கையைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "கயித்துல பிழையில்ல," என்றார். அன்று ஆணம் காய்ச்ச நிறைய முருங்கை இலை கிடைத்தது.

கொண்டுவந்த காசில் பழைய வான் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டினார். வழியில் நின்றுபோன வாகனங்களைக் கட்டி இழுப்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. எந்த வாகனத்தை இழுத்தாலும் கயிற்றின் நுனியில் அந்த மெல்லிய துண்டைப் போடாமல் இழுக்க மாட்டார். அது அடிக்கடி அறும். பஸ் நிலையத்துக்கு முன்னால் அறும், சந்தைக்கு முன்னால் அறும், ஜும்ஆத் தொழுகை கலைந்து வரும் சனத்துக்கு முன்னால் அறும். அவர் இறங்கி, சட்டைப் பையிலிருந்து புதுத் துண்டை எடுத்துப் போட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஏறி உட்காருவார். ஊர் அவருக்கு ஒரு பட்டம் வைத்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

அந்த வருட மாரி பெரிய மாரி. பாடசாலை விடுமுறை. ஒரு நாள் காலையில் சைக்கிளில் ஒருவர் நனைந்து வந்து வாசலில் நின்றார். என் கணவரின் தங்கைக்கு, எனக்கு மச்சி முறை, வயிற்றுக்குத்துத் தொடங்கிவிட்டது என்றார். மச்சிக்கு அது தலைப்பிள்ளை. அவளும் அவள் கணவரும் நற்பிட்டிமுனைக்கு அப்பால், கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி, வயற்காணியோடு சேர்ந்த வீட்டில் இருந்தார்கள். அடுத்த கிழமை உம்மா வீட்டுக்கு வந்துவிடுவதாக இருந்தாள். பிள்ளை அடுத்த கிழமைவரை பொறுக்கவில்லை.

கிட்டங்கித் தாம்போதி என்பது ஆற்றுக்குக் குறுக்கே தாழப் போட்ட சீமெந்துப் பாதை. கோடையில் வாகனம் போகும். மாரியில் ஆறு அதற்கு மேலால் போகும். அந்தக் காலத்தில் அந்தப் பாதையில் எங்களை மறித்தது தண்ணீர் மட்டும்தான்.

நாங்கள் வானில் போனோம். என் கணவர், மாமி, நான். போகும்போது தண்ணீர் ரயரில் பாதிகூட இல்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, மாமி பிள்ளைத் துணிகளைத் தேடி, மச்சி ஒவ்வொரு குத்துக்கும் சுவரைப் பிடித்து நின்று, எல்லாரும் வெளிக்கிட்டுத் திரும்பி வரும்போது தாம்போதியைக் காணவில்லை. இரு ஓரத்திலும் நிற்கும் வெள்ளைக் கற்தூண்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. சிலவற்றுக்குத் தலையும் இல்லை.

வானை ஓட்டிக்கொண்டு இறங்கினால் புகைக்குழாயில் தண்ணீர் ஏறி நடுவில் நின்றுவிடும். மச்சியின் கணவர் எங்களுக்குப் பின்னால் தன்னுடைய மிசினில் வந்திருந்தார். உழவு மிசின் உயரமானது, தண்ணீரைத் தாங்கும். அதன் பின்னால் கொளுவும் பெட்டி இருந்திருந்தால் மச்சியைப் பெட்டியில் ஏற்றியிருக்கலாம். பெட்டி வயல் வட்டைக்குள் அச்சுவரை புதைந்து கிடந்தது. ஆகவே வானின் எஞ்சினை நிறுத்தி, புகைக்குழாயைத் துணியால் அடைத்து, மிசினில் கட்டி இழுப்பது என்று முடிவானது.

மச்சியின் கணவர் இருக்கைக்குக் கீழேயிருந்து சங்கிலி ஒன்றை எடுத்தார். "செயின் கிடக்கு மச்சான்."

"செயின் வேணாம். கயிறு இரிக்கி."

"உங்கட அறுற கயிறா?"

"ஓம். தாம்போதிர ஓரம் தெரியல்ல. நீங்க விழுந்தா நாங்களும் பின்னால வரக்கூடாது. உள்ளுக்குப் பொம்புளயள் இரிக்காங்க."

"நான் விழுறதெண்டு முடிவே எடுத்திட்டிங்களா?"

"விழுந்தா எண்டுதான் செல்லுறன்."

"கேட்டிங்களா மாமி, உங்கட மகன் செல்லுறத?"

வானுக்குள் மாமி தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டுவதை நிறுத்தாமல், "எதையாவது கட்டுங்க," என்றார். மச்சி என் கையைப் பிடித்திருந்தாள். குத்து வரும்போது என் விரல்களை நெரித்தாள். "கெதியாக் கட்டச் செல்லுங்க," என்றாள் என்னிடம். நான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை.

கயிற்றைத்தான் கட்டினார்கள். மிசின் புறப்பட்ட விதம் அந்த அவசரக்கார வெள்ளைக்காரனின் விதம். தொய்வு வெடுக்கென்று இறுகியது, துண்டு அறுந்தது, நாங்கள் காய்ந்த தரையில் நின்றோம். என் கணவர் இறங்கிப் புதுத் துண்டு போட்டார். "முதல்ல தொய்வ எடுங்க மச்சான். மெள்ள. இறுகினத்துக்குப் பிறகு போங்க," என்றார். இந்த முறை மெதுவாகத்தான் போனார். ஆனால் முன் சில்லு தண்ணீருக்குள் இறங்கிய இடத்தில் ஒரு குழி இருந்தது. வான் விழுந்து எழும்பியது. துண்டு அறுந்தது.

 மச்சியின் கணவர் மிசினை விட்டு இறங்கிச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என் கணவர் கயிற்றைக் கழற்றிச் சுருட்டி வானுக்குள் போட்டார். பின்னால் தங்கை கத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு முன்னால் மூன்றாம் துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுக்க அவருக்குக் கை வரவில்லை என்று நினைக்கிறேன்.

வானின் முன்பக்கத்து அடியில் இழுவை வளையம் ஒன்று உண்டு. முந்திய மாதம் கல்லில் அடிபட்டு மடிந்திருந்தது. கயிறு நுழைந்தது, சங்கிலியின் கொளுக்கி நுழையவில்லை. மச்சியின் கணவர் சங்கிலியைப் பம்பரில் சுற்றிக் கொளுவினார்.

"பம்பர் தாங்காது," என்றார் என் கணவர்.

"இரும்பு மச்சான்."

"இரும்புதான். போல்ட்டும் இரும்புதான். துருவும் இரும்புதான்."

மிசின் புறப்பட்டது.

சங்கிலி நன்றாகத்தான் இழுத்தது. நாங்கள் தண்ணீருக்குள் போனோம். தரைத் தகட்டின் ஓட்டைகளால் தண்ணீர் உள்ளே வந்தது. மாமியின் செருப்பு மிதந்து முன்னால் போய், என் கணவரின் காலடியில் நின்றது. மாமி இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஓதினார். நான் மச்சியின் தலையை மடியில் வைத்திருந்தேன். எனக்கு அப்போது பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். கயிற்றின்மேலா, சங்கிலியின்மேலா, பெண்களை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே நின்று இரும்பைப் பற்றிப் பேசிய இரண்டு பேர்மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமிருக்கவில்லை.

நடுத் தாம்போதி தாண்டியிருக்கும். தலை உடைந்த தூண்கள் இருந்த இடத்தில் மிசினின் இடது பின்சில்லு ஓரத்தைவிட்டு இறங்கியது. மிசின் ஒரு பக்கம் சரிந்தது. சரிந்தபடியே கொஞ்சம் யோசித்ததுபோல நின்றது. என் கணவர் பிரேக்கில் ஏறி நின்றார். சங்கிலி பக்கவாட்டில் இழுபட, வானின் மூக்கும் ஆற்றுப் பக்கம் திரும்பத் தொடங்கியது. பிறகு தகரக் கூரை பிய்வதுபோல ஒரு சத்தம். பம்பர் போய்விட்டது. மிசின், சங்கிலி, பம்பர், பம்பரில் இருந்த எங்கள் இலக்கத் தகடு, எல்லாம் சேர்ந்து ஆற்றுக்குள் இறங்கின. வான் அசையாமல் நின்றது.

எதிர்க்கரையில் நின்ற சனம் கூக்குரலிட்டது. வானும் விழுந்துவிட்டது என்று அவர்கள் நினைத்ததாகப் பிறகு சொன்னார்கள்.

மச்சியின் கணவர் மேலே வந்தார். மிசின் முழுதாக முங்கவில்லை. நிமிர்ந்து நின்ற புகைக்குழாயைப் பிடித்தார். அது சுட்டது. விட்டார். தண்ணீர் அவரைக் கொஞ்சம் கொண்டுபோய், மட்காட்டில் கொண்டுவந்து சேர்த்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாயிலிருந்த ஆற்றைத் துப்பினார்.

"கயித்தப் பிடிங்க மச்சான்!" என்று என் கணவர் ஜன்னலால் எறிந்தார். முதல் எறியில் கயிற்றின் நுனியிலிருந்த வளையம் அவருடைய நெற்றியில் பட்டது. இரண்டாவது எறியில் பிடித்தார். இழுத்து வானின் பக்கத்துக்குக் கொண்டுவந்து, இருவருமாகக் கூரைமேல் ஏறினார்கள். நெற்றியில் இரத்தம் வடிந்தது. மச்சி தலையை நீட்டிப் பார்த்து, உயிரோடுதான் இருக்கிறார் என்று கண்டதும், குத்துக்கு இடையில் கிடைத்த நேரத்தில் அவரை ஏசினாள்.

தண்ணீர் கதவில் இடித்துக்கொண்டிருந்தது. வான் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நகர்வது எனக்குத் தெரிந்தது. என் கணவர் கூரையிலிருந்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் கயிற்றை எடுத்துக்கொண்டு, தண்ணீர் வரும் பக்கத்துத் தூண் ஒன்றுக்குப் போனார். தூணை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். அடுத்ததையும் ஆட்டிப் பார்த்துவிட்டு அதில் கட்டினார். திரும்பி வந்து, முங்கி, வானின் அடிச்சட்டத்தில் கட்டினார். எழும்பி மூச்சு வாங்கிய போது ஜன்னலால் கேட்டேன்.

"அந்தத் துண்டு போடல்லயா?"

"இல்ல புள்ள," என்றார். "இதுல அறுற இடம் வேணாம்."

  ஜன்னலால் கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்தேன். மாமி முன்னால் அதற்கு முன் நான் அப்படிச் செய்ததில்லை. மாமி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு ஓதினார்.

நற்பிட்டிமுனைப் பக்கத்திலிருந்து தோணி ஒன்று வந்தது. காலையிலிருந்து ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த மீன்பிடிக்காரர்கள் இருவர். எங்கள் கயிற்றின் மிச்ச நீளத்தை வாங்கி, திரும்பிப் போய்க் கரையில் மருதமரம் ஒன்றில் கட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்துப் பிடித்தே தோணியைக் கொண்டுவந்தார்கள். வானின் கதவு திறக்கவில்லை. மச்சியைப் பின்கண்ணாடிப் பக்கத்தால்தான் எடுத்தோம். அவள் அப்போது யாரையும் ஏசும் நிலையில் இல்லை.

"பயப்பிடாதிங்க உம்மா, எத்தின பேர ஏத்தி இறக்கிட்டம்," என்றார் மூத்தவர் மாமியிடம்.

"எனக்கென்ன பயம் தம்பி. நான் பாக்காத ஆறா," என்றார் மாமி. சொல்லும்போது முந்தானை ஒன்றைக் கையிலே முறுக்கிப் பிடித்திருந்தார். அது என்னுடைய முந்தானை.

தோணியில் பெண்கள் மூவருக்கும்தான் இடம். மச்சியின் கணவருக்கு மிசினை விட்டு வர மனமில்லை. என் கணவருக்கு வானை விட்டு வர மனமில்லை. நான் கரையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். இருவரும் வானின் கூரையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி, முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தார்கள். மழை திரும்பவும் தொடங்கியிருந்தது.

கரையில் நின்ற ஒருவருடைய காரில் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் இறக்கியபோதே மருத்துவத்தாதி மச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். பெண்பிள்ளை. மாலை, அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடையில். நான் வெளி விறாந்தையில் ஈரச் சேலையோடு நின்றேன். பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்டதும் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "வெறுங்காலோட வந்திட்டன்," என்று அப்போதுதான் கவனித்துச் சொன்னார். இருவரும் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடியும்போது அழுதுகொண்டிருந்தோம்.

மறுநாள் காலை தண்ணீர் கொஞ்சம் வடிந்த பிறகுதான் ஆண்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். மச்சியின் கணவர் நெற்றியில் கிழிந்த சாரத் துண்டு கட்டியிருந்தார். விறாந்தை வாங்கில் உட்கார வைத்து இருவருக்கும் சாயம் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். 

"செயின் நல்ல செயின் மச்சான்," என்றார் மச்சியின் கணவர், குடித்து முடித்ததும். ஆற்றுத் தண்ணீர் குடித்துக் குடித்து அவருக்குக் குரல் போயிருந்தது. காற்றுத்தான் வந்தது.

"ஓம்," என்றார் என் கணவர். "செயினுக்கு ஒண்டும் ஆகல்ல."

"உங்கட போல்ட்டெல்லாம் துரு."

"ஓம். மாத்தத்தான் இருந்தன்."

"மாத்தியிருந்தா?"

என் கணவர் குவளையின் அடியைப் பார்த்தார். மாற்றியிருந்தால் பம்பர் நின்றிருக்கும். வான் மிசினுக்குப் பின்னால் போயிருக்கும். அதை மூவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.  "அல்லாஹ்ட காவல்," என்றார் என் கணவர். மச்சியின் கணவர் தலையை ஆட்டினார்.

தாதி வந்து ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றாள். இருவரும் எழுந்தார்கள்.

"நீங்க போங்க மச்சான்," என்றார் என் கணவர். "நீங்கதான் வாப்பா."

அவர் உள்ளே போனார். போன வேகத்தில் விறாந்தைப் பக்கத்து ஜன்னலுக்குப் பிள்ளையோடு வந்தார். பிறந்த பிள்ளையின் காதில் ஆண் ஒருவர் சொல்ல வேண்டிய பாங்கு, தொழுகைக்கான அழைப்பு, இன்னும் சொல்லப்படவில்லை. முந்திய நாள் சொல்வதற்கு எங்களோடு ஆண் ஒருவரும் இருக்கவில்லை. அவர் சொல்லப் பார்த்திருக்கிறார், சத்தம் வரவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டி, "நீங்க செல்லுங்க மச்சான்," என்று சைகையும் காற்றுமாகச் சொன்னார். பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை ஒதுக்கி, வலது காதை ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்தார்.

என் கணவர் கைகளைச் சாரத்தில் துடைத்தார். சேறு போகவில்லை. கம்பியைத் தொடாமல் குனிந்து, மிகவும் மெதுவாக, பிள்ளைக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லத் தொடங்கினார். உள்ளே பக்கத்துக் கட்டில்களில் கிடந்த பெண்கள் பாங்கு என்று கண்டுகொண்டு, பேச்சை நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராக முக்காட்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்கள்.